ஓட்டையைக் கண்டவர் பலர், அடைத்தவர் யார்?

கணினி மென்பொருளில் தெரியவரும் பாதுகாப்புக் குறைபாடு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்துப் பொதுப் பட்டியலில் சேர்க்கும் ஏற்பாட்டை அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் தொடங்கியது. சி.வி.இ. என்று உலகெங்கும் அறியப்படும் அந்தப் பட்டியலில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 40,000க்கும் மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்தன. சராசரியாக நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல். வங்கி, மருத்துவமனை, மாநகராட்சி, பல்கலைக்கழகம் என எந்த நிறுவனமானாலும், தன்னிடமுள்ள மென்பொருள்களில் இவற்றுள் எவை இருக்கின்றன என்று பார்த்து, தயாரிப்பாளர் வெளியிடும் பேட்ச் எனப்படும் திருத்தத்தைப் பெற்று, சோதித்து, நிறுவியாக வேண்டும். பாதுகாப்புக் குறைபாட்டு மேலாண்மை என்று துறையினர் குறிப்பிடுவது இந்த அன்றாடப் பணியைத்தான்.

பெரிய தரவுக் கொள்ளைகள் பற்றிய செய்திகளைப் படிப்போருக்கு, உலகில் எவருக்கும் தெரியாத நுட்பம் ஒன்றைக் கையாண்டு அபாரத் திறமைசாலிகள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற எண்ணமே எழும். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் அரசு விசாரணைகளின் வழியே முழு விவரமும் வெளிவந்த பெரிய சம்பவங்கள் பலவற்றில், திருத்தம் வெளியாகி வாரங்களும் மாதங்களும் கடந்த பின்னரும் அது நிறுவப்படாமல் கிடந்த இடத்தின் வழியாகவே ஊடுருவல் நிகழ்ந்திருக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு இத்துறைக்குள் வேகமாக நுழைந்து, குறைபாடுகளைக் கண்டறியும் வேகத்தைப் பல மடங்கு கூட்டி வருகிறது. அடைக்கும் வேகமும் அதே அளவுக்குக் கூடுகிறதா என்பதே நிறுவனங்களின் முன்னுள்ள கேள்வி. இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் ஆறுதல் தருவனவாக இல்லை.

மின்னஞ்சல் சென்றது, திருத்தம் செல்லவில்லை

ஈக்விஃபேக்ஸ் என்பது அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வங்கிகளுக்கு வழங்கும் நிறுவனம். இணையச் செயலிகளை உருவாக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளில் கடுமையான குறைபாடு இருப்பதை, அதைப் பராமரிப்பவர்களே 2017 மார்ச் 7 அன்று அறிவித்துத் திருத்தத்தையும் வெளியிட்டனர். மறுநாள் அமெரிக்க அரசின் எச்சரிக்கை வந்தது. மார்ச் 9 அன்று ஈக்விஃபேக்ஸின் பாதுகாப்புப் பிரிவு நானூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தை நிறுவுமாறு பணித்தது. ஆவணங்களின்படி அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது.

ஆனால் அந்த மின்னஞ்சல் பட்டியல் பழையது. கடன் விவரங்களில் பிழை இருப்பதாக வாடிக்கையாளர்கள் முறையிடும் இணையதளத்தில் ஸ்ட்ரட்ஸ் இயங்கிக்கொண்டிருந்ததை அறிந்த நிரலாளரின் பெயர் அதில் இல்லை. மார்ச் 15 அன்று நடத்தப்பட்ட தானியங்கிச் சோதனை, அந்த மென்பொருள் இருந்த உட்கோப்புறையைப் பார்க்காமலேயே குறைபாடு எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. மே 13 அன்று உள்ளே நுழைந்தவர்கள் 76 நாட்கள் அங்கே உலவினார்கள். பூட்டி வைக்கப்படாத ஒரு கோப்பில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் கிடைத்துவிட, முறையீட்டுத் தளத்துக்குத் தொடர்பே இல்லாத 48 தரவுத்தளங்களை அவர்களால் எட்ட முடிந்தது. வலையமைப்பின் வழியே செல்லும் மறைகுறியாக்கப்பட்ட தகவல்களைப் பிரித்துச் சோதிக்கும் கருவி ஒன்று அந்நிறுவனத்தில் இருந்தது. அதன் டிஜிட்டல் சான்றிதழ் 19 மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டதால், அந்தத் தளத்தின் தகவல்கள் யாவும் சோதனையின்றிப் போய்வந்தன. ஜூலை 29 அன்று சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் அதற்குள் போய்விட்டிருந்தன.

அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் 2018 டிசம்பர் அறிக்கையை ஊன்றிப் படிப்பவருக்கு ஓர் உண்மை உறைக்கும்: அறிவிப்பு, திருத்தம், சோதனைக் கருவி, கண்காணிப்புக் கருவி ஆகிய அனைத்தும் அந்நிறுவனத்திடம் இருந்தன. எந்தச் சர்வரில் எந்த மென்பொருள் ஓடுகிறது, அதற்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் மட்டும் இல்லை.

ஒன்பது வாரங்கள்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு, ஊழியர்கள் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் ஏ.டி.செல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்ற மென்பொருளை உலகின் பல நாடுகளில் விற்று வருகிறது. கடவுச்சொல் இல்லாமலேயே உள்ளே நுழைந்து கட்டளைகளை இயக்க இடமளித்த ஒரு குறைபாட்டுக்கு, அந்நிறுவனம் 2021 செப்டம்பர் 6 அன்று திருத்தம் வெளியிட்டது. செப்டம்பர் 16 அன்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவும் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்களில் ஜெனீவாவிலுள்ள சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவும் ஒன்று. அங்கே திருத்தம் உரிய காலத்தில் நிறுவப்படவில்லை. நவம்பர் 9 அன்று, அதாவது திருத்தம் வெளியாகி ஒன்பது வாரங்களுக்குப் பிறகு, ஊடுருவியோர் உள்ளே நுழைந்தார்கள். 2022 ஜனவரி 18 அன்றுதான் அது உறுதியாயிற்று.

அவர்கள் எட்டிய சர்வர்களில் இருந்தவை 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனோர், அவர்களைத் தேடும் உறவினர், சிறைகளில் இருப்போர் ஆகியோரைப் பற்றி குறைந்தது அறுபது நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் திரட்டிய தகவல்கள் அவை. தரவுகள் மறைகுறியாக்கப்பட்டே இருந்தன. ஆனால் முறையான நிர்வாகிகளைப் போலவே வேடமிட்டு உள்ளே சென்றவர்களுக்கு அது தடையாக இருக்கவில்லை. சர்வர்களை நிறுத்திவிட்டு, சாதாரண விரிதாள்களைக் கொண்டு தேடும் பணியைத் தொடரும் நிலை ஊழியர்களுக்கு ஏற்பட்டது. நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பேரைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் பணி அது.

தவறு எங்கே நிகழ்ந்தது என்பதைச் செஞ்சிலுவைக் குழு மறைக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது. பெரும்பாலான வணிக நிறுவனங்கள் செய்யத் துணியாத காரியம் அது. ஆண்டுதோறும் பல்லாயிரம் திருத்தங்களை நிறுவுவதாகவும், இந்த ஒன்றை நேரத்துக்கு நிறுவத் தவறியதாகவும் அது தெரிவித்தது. பல்லாயிரத்தில் ஒன்று தவறியது என்பதில் இப்பணியின் கடினம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏன் தள்ளிப்போகிறது?

திருத்தம் வந்தவுடன் நிறுவிவிட வேண்டியதுதானே என்று கேட்பது எளிது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையை 2017 மே 12 அன்று வானாகிரை என்ற பணயத் தீநிரல் தாக்கியபோது, அதற்கான விண்டோஸ் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. எனினும் 236 மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 81 பாதிப்புக்குள்ளாகி, 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் போன்ற கருவிகளுக்குள் இருக்கும் கணினியை மருத்துவமனை ஊழியர்கள் தொட முடியாது. கருவியை விற்றவரே அதைச் செய்ய வேண்டும். நள்ளிரவிலும் நோயாளிகள் வரும் இடத்தில் எந்த நேரத்தில் சர்வரை நிறுத்துவது என்பதும் சிறிய கேள்வியன்று.

திருத்தமே கேடாக முடியும் என்ற அச்சமும் ஆதாரமற்றதல்ல. 2024 ஜூலை 19 அன்று, பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்களோடு பயணிகள் விமானம் ஏறினார்கள். அத்தகைய ஒரு நாளைக் கண்ட நிர்வாகி, அடுத்த திருத்தத்தைச் சோதிக்காமல் நிறுவ ஒப்புக்கொள்வாரா? சோதனைக்கு நாட்கள் தேவை. எதிர்த்தரப்பு அந்த நாட்களைத் தருவதில்லை என்பதுதான் சிக்கல். திருத்தம் வெளியான நாளுக்கும் அந்தக் குறைபாடு தாக்குதலில் பயன்படுத்தப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 2018-19இல் சராசரியாக 63 நாட்களாக இருந்தது. 2023இல் அது 5 நாட்களாகச் சுருங்கிவிட்டதாக மேண்டியன்ட் நிறுவனத்தின் ஆய்வு காட்டுகிறது.

எல்லாவற்றையும் உடனே அடைக்க முடியாதென்றால் எதை முதலில் அடைப்பது? பல ஆண்டுகளாக நிறுவனங்கள் சி.வி.எஸ்.எஸ். என்ற மதிப்பெண்ணையே நம்பி வந்தன. ஒரு குறைபாடு எவ்வளவு கடுமையானது என்பதை பூஜ்யம் முதல் பத்து வரை அது அளக்கிறது; ஆனால் அதை எவரேனும் பயன்படுத்துகிறார்களா என்பதைச் சொல்வதில்லை. உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படுபவை பட்டியலில் உள்ளவற்றுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே. இதனால்தான் தாக்குதலில் பயன்படுவது உறுதியான குறைபாடுகளை மட்டும் தொகுத்துத் தரும் கெவ் என்ற பட்டியலைச் சிசா 2021 நவம்பரில் தொடங்கி, ஒவ்வொன்றையும் இன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி அலுவலகங்களுக்குக் கெடு விதித்தது. ஜோஹோவின் மேற்சொன்ன குறைபாடும் அதில் உண்டு. எந்த நாட்டு நிறுவனமும் இலவசமாகப் பார்க்கக்கூடிய அப்பட்டியலை வாரந்தோறும் பார்ப்பது, விலையுயர்ந்த கருவிகள் பலவற்றைக் காட்டிலும் பயனுள்ளது.

அதற்கும் முன்பாக, தன்னிடம் என்ன இருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சிறு நிரல் தொகுப்பில் இருப்பதாக வெளிவந்த குறைபாடு இந்த அறியாமையை உலகுக்கே வெளிச்சமாக்கியது. நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் எளிய வேலையைச் செய்யும் அந்தத் தொகுப்பு, எண்ணற்ற மென்பொருள்களுக்குள் வாங்கியவருக்கும் சில வேளைகளில் விற்றவருக்கும் தெரியாமலே புதைந்திருந்தது. அமெரிக்க அமைச்சகம் ஒன்று மட்டும் அதைத் தேடிச் சரிசெய்ய 33,000 பணி மணி நேரத்தைச் செலவிட்டது. உணவுப் பொட்டலத்தின் மீது சேர்பொருள்களை அச்சிடுவதுபோல, மென்பொருளுக்குள் என்னென்ன தொகுப்புகள் உள்ளன என்று விற்பவர் எழுதித்தர வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகு மேலும் வலுத்தது. எஸ்.பாம் எனப்படும் அந்தப் பட்டியலுக்கான வழிகாட்டுதலை இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்டது.

இயந்திரம் தேடத் தொடங்கிய பின்

மென்பொருளுக்குள் தாறுமாறான உள்ளீடுகளைக் கோடிக்கணக்கில் செலுத்தி, எங்கே அது உடைகிறது என்று பார்க்கும் ஃபஸ்ஸிங் முறை பல ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. எந்தப் பகுதியை எப்படிச் சோதிப்பது என்று நிரல் எழுத மனிதர் தேவைப்பட்டனர். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் இப்போது அந்த நிரலையும் எழுதுகின்றன. இவ்வழியில் ஓப்பன்எஸ்.எஸ்.எல். என்ற மறைகுறியாக்கத் தொகுப்பில் இருபது ஆண்டுகளாக இருந்திருக்கக்கூடிய ஒரு குறைபாட்டைக் கண்டுபிடித்ததாக 2024 நவம்பரில் கூகுள் அறிவித்தது. உலகின் மிகக் கவனமாகப் படிக்கப்பட்ட நிரல்களுள் ஒன்றில் இருபது ஆண்டுகள் ஒரு பிழை கண்ணுக்குத் தப்பியது என்பதே வியப்புக்குரியது.

அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய ஏ.ஐ. சைபர் போட்டியின் இறுதிச் சுற்று 2025 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் முடிந்தது. ஏழு அணிகளின் தானியங்கி அமைப்புகள், சோதனைக்காகவே புகுத்தப்பட்ட குறைபாடுகளில் 54ஐக் கண்டறிந்து 43ஐச் சரிசெய்தன. யாரும் புகுத்தாமல் இயல்பாகவே இருந்த 18 குறைபாடுகளையும் வெளிக்கொணர்ந்தன. பணி ஒன்றுக்குச் சராசரியாக ஆன செலவு சுமார் 152 டாலர். ஒரு வல்லுநரின் ஒரு நாள் ஊதியத்துக்கும் எட்டாத தொகை இது. கண்டறிவதோடு நில்லாமல் திருத்தத்தையும் எழுதித் தந்ததே இப்போட்டியின் பெரும்பேறு.

இதே காலத்தில் கர்ல் என்ற திறந்த மூல மென்பொருளுக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இணையத்திலிருந்து தரவைப் பெறப் பயன்படும் இது கைப்பேசி, தொலைக்காட்சி, கார் என எங்கும் இருக்கிறது. ஆனால் அதன் பாதுகாப்பைக் கவனிப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். குறைபாடு கண்டறிவோருக்கு 2019 முதல் சன்மானம் வழங்கி வந்த இத்திட்டத்துக்கு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்பட்ட, படிக்க முறையாகவும் பொருளில் பொய்யாகவும் அமைந்த புகார்கள் குவியத் தொடங்கின. 2025ஆம் ஆண்டின் நடுவில், வரும் புகார்களில் சுமார் இருபது விழுக்காடு இத்தகைய குப்பை என்றும், உண்மையான குறைபாடாகத் தேறுபவை ஐந்து விழுக்காடே என்றும் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பர்க் எழுதினார். 2026 ஜனவரியோடு சன்மானத் திட்டமே நிறுத்தப்பட்டது. ஆனால் அதே ஸ்டென்பர்க், தேர்ந்த ஓர் ஆய்வாளர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையோடு 2025 செப்டம்பரில் அனுப்பிய நீண்ட பட்டியலை மனமாரப் புகழ்ந்து, அதன் அடிப்படையில் பல பத்துத் திருத்தங்களைச் செய்தார். கருவியின் முடிவைத் தானே சரிபார்த்த பிறகு அனுப்பிய ஒருவருக்கும், சரிபார்க்காமல் அனுப்பிய பலருக்கும் இடையிலான வேறுபாடு இது.

புகார்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை இன்றளவும் மனிதர் கையில் இருக்கிறது. அது நிரம்பி வழிகிறது. சி.வி.இ. பதிவுகளுக்கு விளக்கமும் மதிப்பெண்ணும் சேர்க்கும் அமெரிக்கத் தேசியத் தரவுத்தளத்தில் 2024 பிப்ரவரி முதல் பல்லாயிரம் பதிவுகள் ஆராயப்படாமல் தேங்கின. 2025 ஏப்ரலில் மைட்டரின் அரசு ஒப்பந்தமே காலாவதியாகும் நிலைக்கு வந்து, கடைசி நாளில் பதினொரு மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. உலகமே சாய்ந்து நிற்கும் ஒரு பொதுப் பணி இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குவது கவலைக்குரியது.

தாக்குவோர் கையிலும் இதே கருவி இருக்கிறது. அரசு ஆதரவு பெற்றதாகக் கருதப்படும் ஒரு குழு, ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் என்ற மாதிரியைக் கொண்டு சுமார் 30 அமைப்புகளைக் குறிவைத்ததாகவும், பணியின் 80 முதல் 90 விழுக்காட்டை இயந்திரமே செய்ததாகவும் அந்நிறுவனமே 2025 நவம்பரில் தெரிவித்தது. கிடைக்காத கடவுச்சொற்களைக் கிடைத்ததாக அந்த மாதிரி சில இடங்களில் கற்பனையாகச் சொன்னதும் அதே அறிக்கையில் உள்ளது.

காவலுக்கு வைத்ததற்கும் காவல் தேவை

பெரிய நிறுவனங்களின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள் திரையில் விழுகின்றன; பெரும்பாலானவை வெறும் பொய் எச்சரிக்கைகள். அவற்றைத் தரம்பிரித்து, தொடர்புள்ளவற்றை ஒன்று சேர்த்து, இரவுப் பணியாளருக்கு ஒரு பத்தியில் விளக்கம் தருவதற்கு மொழி மாதிரிகள் நன்றாகவே உதவுகின்றன. ஆனால் நிறுவனத்தின் மின்னஞ்சலையும் ஆவணங்களையும் படிக்க அனுமதி பெற்ற அந்த உதவியாளரே ஒரு புதிய மென்பொருள். அதற்கும் குறைபாடு உண்டு. 2025 ஜூனில் வெளியான எக்கோலீக் என்ற குறைபாடு இதற்குத் தெளிவான சான்று. தாக்குபவர் ஒரு சாதாரண மின்னஞ்சலுக்குள் கட்டளைகளைப் பொதிந்து அனுப்புவார். பெற்றவர் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. பின்னர் அவர் வேறேதோ கேள்வியை மைக்ரோசாஃப்ட் கோபைலட்டிடம் கேட்கும்போது, விடைக்காகப் பழைய அஞ்சல்களைப் புரட்டும் அந்த உதவியாளர் பொதிந்த கட்டளையையும் படித்து அதன்படி நடந்து, உள் ஆவணங்களின் விவரத்தை வெளிச் சர்வருக்குக் கசியவிடக்கூடும். தரவாக வந்த எழுத்தையும் கட்டளையாக வந்த எழுத்தையும் வேறு பிரித்தறிய மொழி மாதிரிகளால் உறுதியாக இயலாததே இதன் வேர். மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. வாடிக்கையாளர் எவரும் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. வேர் அப்படியே இருக்கிறது.

ஆகவே, திருத்தத்தைத் தானே எழுதித் தானே நிறுவும் இயந்திரத்துக்கு முழு அதிகாரம் கொடுப்பதைக் காட்டிலும், எவரும் செய்ய விரும்பாத சலிப்பூட்டும் வேலைகளை அதனிடம் முதலில் ஒப்படைப்பதே அறிவுடைமை. சர்வர்களின் பட்டியலை ஒவ்வோர் இரவும் சரிபார்ப்பது, பொறுப்பாளர் மாறிவிட்ட இடங்களைக் கண்டுபிடிப்பது, காலாவதியாகப்போகும் சான்றிதழ்களைச் சுட்டுவது, புதிய எச்சரிக்கை தங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று படித்துச் சொல்வது, திருத்தத்துக்கான சோதனைகளை எழுதித் தருவது போன்றவை அவை. இவற்றுள் முதல் மூன்றும் ஈக்விஃபேக்ஸில் தவறிப்போனவை.

இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, சைபர் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் நிறுவனங்களைப் பணிக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டு, பதிவுச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை வாரக்கணக்கில் கையால் எழுதப்பட்டபோது, வலையமைப்பு முறையாகப் பிரித்துக் கட்டப்படாததே காரணம் என்று மைய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தெரிவிக்கும் கடமை முக்கியமானது. ஆயினும் அது தீங்கு நிகழ்ந்த பின் தொடங்குவது. கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மருத்துவமனைக்கும் தேவைப்படுவது, திருத்தத்தைச் சோதித்து நிறுவ ஓர் ஆளும் அதற்கான நேரமும். அதற்குப் பணம் ஒதுக்கும் கடமையை எந்த அறிவிப்புப் படிவமும் ஈடுசெய்யாது.

ஐரோப்பிய ஒன்றியம் பொறுப்பைத் தயாரிப்பாளர் பக்கம் நகர்த்தியிருக்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அதன் சைபர் தாங்குதிறன் சட்டத்தின்படி, தாக்குதலில் பயன்படுத்தப்படும் குறைபாட்டைத் தயாரிப்பாளர் அறிந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமைக்குத் தொடக்க நாள் 2026 செப்டம்பர் 11. பொருளின் பயன்பாட்டுக் காலம் அதைவிடக் குறைவாக இருந்தாலன்றி, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் வழங்குவதும் சேர்பொருள் பட்டியலைப் பராமரிப்பதும் உள்ளிட்ட ஏனைய கடமைகளுக்குத் தொடக்க நாள் 2027 டிசம்பர் 11. ஐரோப்பாவில் தம் மென்பொருளை விற்கும் சென்னை, பெங்களூரு நிறுவனங்களையும் இச்சட்டம் கட்டுப்படுத்தும். ஆனால், செஞ்சிலுவைக் குழுவுக்கு நேர்ந்ததுபோல, தயாரிப்பாளர் செப்டம்பர் 6 அன்றே வெளியிட்டுவிட்ட திருத்தத்தை, வாங்கிய நிறுவனம் நவம்பர் 9க்குள் நிறுவ வேண்டும் என்று இச்சட்டமும் சொல்லவில்லை.